இல்லாத பட்டியல்

சிவரூபியின் வேலையில் ‘வேண்டும்’ என்ற சொல்லை எழுதக்கூடாது. ‘செய்யலாம்’ என்று எழுதலாம். ‘செய்யாமலும் விடலாம்’ என்று எழுதலாம். இரண்டுக்கும் எவ்வளவு காலம் பிடிக்கும், எந்த நாட்டில் எப்படி நடந்தது என்று அடிக்குறிப்போடு பத்துப் பக்கம் எழுதலாம். இதைத்தான் செய்ய வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டால் போதும், பணிப்பாளர் நிமலன் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவார். கொழும்பில் இருக்கிற அந்தச் சின்ன ஆய்வு நிலையத்தின் தொழிலே அதுதான். பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்கிற விஷயத்தை எந்தக் கட்சிக்கும் சாயாமல் ஆராய்ந்து அறிக்கையாகக் கொடுப்பார்கள். ஆளும் கட்சிக்கும் அதே அறிக்கை, எதிர்க்கட்சிக்கும் அதே அறிக்கை. வாசிப்பதும், வாசிக்காமல் ஆடுகிற மேசைக் காலுக்கு முண்டு கொடுப்பதும் அவர்கள் பாடு.

பதினொரு வருடமாக அவள் அந்த வேலையை விரும்பித்தான் செய்தாள். பதுளையில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அம்பலவாணர் யாழ்ப்பாணத்திலிருந்து மாவட்ட அரசாங்க அலுவலகமான பதுளைக் கச்சேரிக்குக் கிளாக்கராக வந்து, குளிருக்கும் பழகி, அங்கேயே தங்கிவிட்டவர். ஊரில் ஆளாளுக்கு ஒரு கட்சியும் கட்சிக்கு ஒரு கணக்குமாக இருப்பதைப் பார்த்து வளர்ந்த அவளுக்கு, எல்லாருக்கும் ஒரே கணக்கைக் கொடுக்கிற இடம் கோயில் மாதிரித் தெரிந்தது. தெரியட்டும், தப்பில்லை. ஆனால் கோயிலுக்குள் இருப்பவர்களுக்கு வெளியே மழை பெய்வது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரியும்.

செப்டம்பரில் ஒரு கேள்வி வந்தது. ஊவா மாகாணத்தில் மண்சரிவு அபாயம் உள்ள இடங்களில் எத்தனை தோட்டக் குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு என்னென்ன வழிகள் உண்டு? மூன்று இடத்தில் கேட்டால் மூன்று தொகை சொன்னார்கள். இது சரிவராது என்று தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஆறைத் தெரிந்தெடுத்து, தானே போய் எண்ணக் கிளம்பினாள் சிவரூபி. அதில் ஒன்று பூனாகலைக்கு மேலே, மேல்மலைப் பிரிவில் இருந்த பன்னிரண்டு ஒற்றையறைக் காம்பராக்கள் கொண்ட லயம்.

லயத்துக்குப் பின்னால் சுவர் மாதிரி மலை. ஒன்பதாவது காம்பராவில் சீமெந்துத் தரை நீளமாக வெடித்து, உள்ளே கை விடலாம் போல இருந்தது. அங்கே இருந்தவள் விஜயலெட்சுமி. நாற்பத்தைந்து வயது, தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள், அந்த லயத்தில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் பொன்னையாவுக்கு முழங்கால் போய்விட்டது. வெடிப்பின் மேல் ஒரு சாக்கைப் போட்டு, அதன் மேல் கதிரையைப் போட்டு, உட்காரச் சொன்னாள் விஜயலெட்சுமி. இஞ்சி போட்டு பிளேன்டீ வந்தது.

“அக்கா, நான் முதலே சொல்லிப்போடுறன். இது எம்.பி.மார் வாசிக்கிறதுக்கு எடுக்கிற தகவல். வீடு குடுக்கிற பட்டியல் இல்லை. உங்கட பேரைக் கூட நான் எழுதமாட்டன்” என்றாள் சிவரூபி. இதைச் சொல்லாமல் எண்ணத் தொடங்கக்கூடாது என்பது நிலையத்தின் விதி. அவள் ஒரு தரம் அல்ல, மூன்று தரம் சொன்னாள்.

“சரிங்க மிஸ், சரிங்க மிஸ்” என்று விஜயலெட்சுமி தலையாட்டினாள். வாசலில் நின்ற பத்துப் பேரும் தலையாட்டினார்கள்.

ஒரு காம்பராவுக்குள் இரண்டு குடும்பம் இருந்ததால் எண்ணியதையே திரும்ப எண்ணிவிடக்கூடாது என்று, ஒவ்வொரு கதவிலும் சோக்கால் இலக்கம் போட்டுக்கொண்டு போனாள் சிவரூபி. ஆய்வுக்காரர்களின் வழக்கம் அது. ஆனால் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு வேறொரு வழக்கம் இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய் ஆளோடு ஆளாக நின்றால்தான் அன்றைக்குப் பேர் விழும். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் பேர் இல்லை, அன்றைய வேலை இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்தது அது. நாலு வருடத்துக்கு முன் மலை ஒரு தரம் பயமுறுத்தியபோது, கீழே இருந்த லயத்து ஆட்கள் பாதிப் பேர் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ வந்து, இருந்தவர்களை மட்டும் எழுதிக்கொண்டு போனார்கள். எழுதப்பட்டவர்களுக்கு வீடு வந்தது. போனவர்கள் இன்னும் சொந்தக்காரர் வீட்டில்தான் இருக்கிறார்கள். இதையெல்லாம் அன்றைக்கு யாரும் சிவரூபியிடம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுடைய வினாக்கொத்தில் அந்தக் கேள்வி இல்லை.

ஒக்டோபரில் விஜயலெட்சுமி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். கதவில் ஒன்பது என்ற இலக்கம் நீல பெயின்டில் பெரிதாக இருந்தது. ‘சோக்குல போட்டது மழைக்கு அழிஞ்சிரும்னு எல்லா வீட்டுக்கும் பெயிண்ட் அடிச்சிட்டோம் மிஸ்’ என்று கீழே எழுதியிருந்தாள். சிவரூபி சிரித்துவிட்டு, பதிலுக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பினாள். படித்தவள்தான். என்ன செய்ய, ஆனைக்கும் அடி சறுக்கும்.

அறிக்கை இருபத்திரண்டு பக்கம் வந்தது. மூன்று தெரிவுகள். குடும்பங்களை வேறு இடத்தில் குடியேற்றலாம். வடிகாலைத் திருத்தி, எச்சரிக்கை ஏற்பாட்டைப் பலப்படுத்தலாம். இப்போது இருப்பது போலவே விடலாம். ஒவ்வொன்றுக்கும் நன்மை, தீமை. மேல்மலை லயத்தைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் அவளுக்குக் கை நிற்கவில்லை. ‘இந்த லயத்தில் இனி எவரும் குடியிருக்கக்கூடாது’ என்று எழுதிவிட்டாள்.

நிமலன் அந்த வரியை வெட்டினார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் வெட்டினார்.

“எனக்கு விளங்குது பிள்ளை. ஆனா நாங்கள் ஒரு வரி சாய்ஞ்சால், மற்றப் பக்கம் மிச்ச இருபத்தொரு பக்கத்தையும் வாசியாது.”

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதனால்தான் அவளுக்கு அவ்வளவு எரிச்சல் வந்தது. அறிக்கை போய்ச் சேர்ந்தது. அதைப் பற்றிய கூட்டம் ஒரு தரம் தள்ளிப் போனது, பிறகு இன்னொரு தரம் தள்ளிப் போனது.

நவம்பர் கடைசியில் வானம் பொத்துக்கொண்டது. மூன்று நாள் விடாத மழை. பதுளை மாவட்டத்துக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது; மலையடியில் இருப்பவர்களைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். வியாழக்கிழமை மத்தியானம் ஆய்வு நிலையத்துக் கந்தோரில் இருந்துகொண்டே சிவரூபி விஜயலெட்சுமிக்குப் போன் எடுத்தாள்.

“பள்ளிக்கூடத்துக்குப் போயிட்டீங்களோ அக்கா?”

“எல்லாரையும் அனுப்பிட்டோம் மிஸ். பிள்ளைங்க, வயசாளிங்க, எங்க வீட்டுக்காரரு, எல்லாரும் அங்கதான் இருக்காங்க.”

“நீங்கள்?”

“நான் இங்க லயத்துலதான் இருக்கேன். வீட்டுக்கு ஒரு ஆளு இருக்கோம். பன்னெண்டு பேரு.”

சிவரூபிக்குச் சட்டென்று விளங்கவில்லை. சாமான் களவு போகும் என்ற பயமோ என்று கேட்டாள்.

“சாமான் என்னங்க சாமான். நீங்க நம்பர் போட்டுட்டுப் போயிருக்கீங்க. வந்து பார்க்குறப்ப ஆளு இல்லாட்டி பேர வெட்டிருவாங்கல்ல?”

நீலப் பெயின்ட்டின் அர்த்தம் சிவரூபிக்கு இப்போதுதான் விளங்கியது. மலைக்கு அடியில் பன்னிரண்டு உயிர்களை உட்கார வைத்தது அவளுடைய சோக்குக் கட்டி.

கிராம சேவகருக்கு எடுத்தாள். பாவம், அந்த மனிதர் காலையிலிருந்து மூன்று தரம் ஏறிப் போய்க் கெஞ்சியிருக்கிறார். இப்போது பள்ளிக்கூடத்துக்குக் கீழே மரம் விழுந்து பாதை அடைபட்டுவிட்டது. பொலிஸுக்கு எடுத்தாள், யாரும் எடுக்கவில்லை. மறுபடி விஜயலெட்சுமிக்கு எடுத்தாள். பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

“அக்கா, நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அப்பிடி ஒரு பட்டியலே இல்லை. நான் ஒருத்தற்ற பேரையும் எழுதயில்லை. நீங்கள் அங்க இருந்தாலும் ஒண்டும் கிடையாது, இல்லாட்டியும் ஒண்டும் போகாது. தயவுசெய்து இறங்கிப் போங்கோ.”

மழைச் சத்தத்துக்கு மேலால் விஜயலெட்சுமியின் குரல் வந்தது.

“நீங்க எங்க உசுருக்குப் பயந்து சொல்றீங்க மிஸ். நல்ல மனசு உங்களுக்கு. ஆனா ஒண்ணுமே இல்லாததுக்கா கொழும்புலருந்து இவ்வளவு தூரம் வந்து, கதவு கதவா எண்ணுவாங்க?”

இதற்குப் பதில் சொல்ல அவளிடம் இருபத்திரண்டு பக்கம் இருந்தது. ஒரு வரி கூட உதவவில்லை. தன் வேலையை அவ்வளவு பெரிதாக நம்பியவர்கள் இந்த உலகத்தில் அந்தப் பன்னிரண்டு பேர்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. உண்மை தோற்றுப்போன இடத்தில் வேறு என்ன மிச்சம் இருக்கிறது? பதினொரு வருடத்தில் ஒரு எண்ணைக் கூட்டியோ குறைத்தோ எழுதாத சிவரூபி, கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்:

“சரி அக்கா. உங்களுக்கு மறைச்சு என்ன. பட்டியல் முடிஞ்சுது. பன்னிரண்டு வீடும் அதில இருக்கு. நானே கையெழுத்து வைச்சிட்டன். இனி ஆராலும் வெட்டேலாது. ஆளைப் பார்க்கவும் ஒருத்தரும் வரமாட்டினம்.”

“சத்தியமாவா மிஸ்?”

“சத்தியமா.”

“அப்ப சரிங்க மிஸ்” என்றாள் விஜயலெட்சுமி. போனை வைக்க முன்னமே, “ஏய், வாங்கடி, பேரு ஏறிருச்சாம்!” என்று அவள் கத்தியது கேட்டது.

பன்னிரண்டு பேரும் மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். நாலரைக்கு மலை இறங்கியது. ஆறாவது காம்பராவுக்கு அப்பால் லயம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை. ஒரு உயிர் போகவில்லை. சேதி வந்தபோது சிவரூபி கந்தோர்க் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, நடந்ததை நிமலனிடம் சொன்னாள். அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, “நானும் அதைத்தான் சொல்லியிருப்பன்” என்றார். அவள் அவரை அன்றைக்குத்தான் முதல்முதலாக மனசார நேசித்தாள்.

பாதை திறந்ததும், இரண்டு வாரம் கழித்து, அவள் மேல்மலைக்குப் போனாள். பள்ளிக்கூட மண்டபத்தில் ஐந்து லயத்து ஆட்கள் இருந்தார்கள். சேலைகளைக் கட்டித் தடுப்பு வைத்திருந்தார்கள். விஜயலெட்சுமி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பொன்னையா எழுந்திருக்க முடியாமல் இருந்த இடத்திலிருந்தே கும்பிட்டார்.

“முந்தாநாளும் நேத்தும் ஆளுங்க வந்து எழுதுனாங்க மிஸ்” என்றாள் விஜயலெட்சுமி, மூச்சு விடாமல். “வீடு உடைஞ்சவங்களுக்குக் காணியும் வீடும் குடுக்கப் போறாங்களாம். மத்த நாலு லயத்து ஆளுங்களும் வரிசையில நின்னு பதிஞ்சாங்க.”

“நல்லது. நீங்கள் எத்தினையாம் இலக்கம்?”

“நாங்க பதியல மிஸ்.” அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. “எங்க பேருதான் ஏற்கெனவே கொழும்புல ஏறிருச்சே. ரெண்டு எடத்துல பேரு குடுத்தா ரெண்டுலயும் வெட்டிருவாங்க. அதோட இந்தச் சனங்களும் பாவம்ல, ஒண்ணும் இல்லாம நிக்குதுங்க. அவங்க பதியட்டும்னு பன்னெண்டு வீடும் ஒதுங்கிக்கிட்டோம்.”

சிவரூபி வெளியே வந்து பதுளைக் கச்சேரிக்குப் போன் எடுத்தாள். பதிவு நேற்று மாலையோடு முடிந்துவிட்டது, பட்டியல் மேலே போய்விட்டது என்றார்கள். இரண்டாம் கட்டம் வரலாம். எப்போது என்று தெரியாது. சம்பந்தப்பட்டவர்கள் நேரில் வந்து, பேர் கொடுத்து, காரணத்தைச் சொன்னால் கவனிக்கலாம் என்று ஒரு குரல் நல்லவிதமாகவே சொன்னது. அது போதும், கையோடு கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று நினைத்து உள்ளே திரும்பினாள்.

“அக்கா, நாளைக்கே எல்லாரும் பதுளைக்குப் போகவேணும். நான் பஸ் பிடிச்சுத் தாறன். போய்ப் பேர் குடுங்கோ.”

“எதுக்கு மிஸ்? இருக்குற பேரக் கெடுத்துக்கவா?”

“இருக்கிற பேர் எண்டு ஒண்டு இல்லை அக்கா.” சிவரூபி அவளுடைய கையைப் பிடித்தாள். “அந்தப் பட்டியல் இல்லை. நான் அண்டைக்குப் பொய் சொன்னனான். உங்களை இறக்கிறதுக்காகச் சொன்ன பொய்.”

விஜயலெட்சுமி சுற்றும் முற்றும் பார்த்தாள். பக்கத்தில் வேறு லயத்து ஆட்கள் சோறு வடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் சிவரூபியை மெல்லத் தள்ளிக்கொண்டு போய் மூலையில் உட்கார வைத்து, காதோடு சொன்னாள்:

“தெரியும் மிஸ். நீங்க அப்பிடித்தான் சொல்லணும். மொதநாளு வந்தப்பவும் பட்டியல் இல்லன்னுதான் சொன்னீங்க. போன்லயும் இல்லன்னீங்க. கடைசியில இருந்துச்சா இல்லையா? பயப்படாதீங்க. நீங்க கையெழுத்து போட்டது எங்க பன்னெண்டு வீட்டத் தாண்டி வெளிய போகாது.”

உண்மையை இனி எந்த வாயால் சொல்வது? கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்தாலும் அதிகாரி அப்படித்தான் செய்வாள் என்பார்கள். சிவரூபி அழுதாள். அழுவதைப் பார்த்து, தங்களுக்காக அவளுக்கு மேலிடத்தில் ஏதோ தொல்லை என்று நினைத்து, விஜயலெட்சுமி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

சிவரூபி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, செப்டம்பரில் நடந்ததிலிருந்து ஒன்றுவிடாமல் மறுபடி சொல்லத் தொடங்கினாள். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். “சரிங்க மிஸ், சரிங்க மிஸ்” என்று எல்லாரும் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.