அப்பா போட்ட மிளகாய்

அந்த நிலத்தில் ஒருவர் விதைத்தது, விதைத்தவர் செத்த பிறகுதான் முளைக்கும். மண் பரிசோதனைக்கு வந்த அதிகாரி இரண்டு பைகளில் மண் அள்ளிக்கொண்டு போய், குறை ஒன்றுமில்லை, சுண்ணாம்புச் சத்து மட்டும் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லி அனுப்பினார். சுற்றியுள்ள நிலங்களில் போட்ட ஒரு வாரத்தில் பச்சை தெரியும். இந்த நிலத்தில் மட்டும் விதை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். தோண்டிப் பார்த்தால் அழுகாமல், முளைக்காமல், போட்ட மாதிரியே இருக்கும். கன்றாகக் கொண்டுவந்து நட்டாலும் ஒரே ராத்திரியில் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

புதரை வெட்டி அதை நிலமாக்கியவரைக் கல்லுக்காரர் என்பார்கள். பொறுக்கிய கற்களை வைத்தே நாலு பக்கமும் சுவர் எழுப்பியவர். ஆயுசு முழுக்கச் சோளம் விதைத்தார், ஒரு தட்டைகூட அறுக்கவில்லை. ரோடு போடுகிற இடத்தில் ஜல்லி உடைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். பைத்தியமா என்று கேட்டவர்களிடம், போட்டது எங்கே போய்விடும், உள்ளேதானே இருக்கிறது என்றார். அவரைப் புதைத்துவிட்டு வந்த வாரம் சோளம் முளைத்தது. அவர் போட்ட வரிசையிலேயே, வருடத்துக்கு ஒரு போகமாக வந்துகொண்டிருந்தது. அவரைக் கேலி பண்ணிய மகன் அதை அறுத்துச் சாப்பிட்டார். அந்த மகனுக்குப் பருத்தி மேல் ஆசை. டவுனில் மில் வந்த காலம் அது. சோளத்தை அறுத்துவிட்டுப் பருத்தியைப் போட்டார், போட்டுக்கொண்டே இருந்தார். கல்லுக்காரர் போட்டதெல்லாம் தீர்ந்த பிறகு, கடைசி சில வருடங்கள் வெறும் நிலத்தைப் பார்த்தபடி சுவர் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் போய்ப் பருத்தி வெள்ளை வெளேரென்று வெடித்தபோது மில்லை இழுத்து மூடியிருந்தார்கள்.

அந்தப் பருத்தியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியவர் மூன்றாமவர், நிலத்தை இன்று வைத்திருக்கும் தையல்காரியின் அப்பா. எடுக்க எடுக்க விரலைக் கிழிக்கிற, வாங்க ஆளில்லாத பருத்தி. தொல்லையே வேண்டாம் என்று ஒரு வருடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தார். குத்தகைக்காரர் கடலை போட்டார், ஒன்றும் வரவில்லை. சில வருடம் கழித்து அவர் மாரடைப்பில் போனதும் பருத்திக்கு நடுவே கடலை வந்தது. அவருடைய பையன்கள் சாக்கோடு வந்து, இது எங்கள் அப்பாவுடையது என்று நின்றார்கள். நியாயம்தானே என்று ஊரார் பிடுங்கிக்கொண்டு போகச் சொன்னார்கள்.

அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்துக்கு எதிரே நின்று பதில் பேசிய ஒரே ஆள் அவருடைய ஒரே மகள். டவுனில் தையல் கற்றுக்கொண்டு, தினமும் போய்வந்த பஸ்ஸின் டிரைவரையே கட்டிக்கொண்டாள். அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. அன்றைக்குக் காலையில் ஒரு மூட்டை மிளகாய் விதையோடு நிலத்தில் இறங்கினார். இனிமேல் நான் இருக்கிற வரைக்கும் இதுதான், அவள் கண் எரிய எரியப் பறிக்கட்டும் என்று சுவருக்கு அந்தப் பக்கம் போனவர்களிடமெல்லாம் சொன்னார். செய்தி அவள் காதுக்கும் வந்தது. டிரைவர் சிரித்தார். "சாபம் விடுற மாமனாரைக் கேள்விப்பட்டிருக்கேன். சாபத்தைப் பயிர் பண்றவரை இப்பத்தான் பார்க்கிறேன்."

ஒன்பது வருடம் மிளகாய் போட்டுவிட்டு அப்பா போய்ச் சேர்ந்தார். நிலம் அவளிடம் வந்தது. மிளகாய் உடனே வரவில்லை. அதற்கு முன்னால் அவர் போட்டதெல்லாம் வரிசையில் நின்றது. அவள் சிறுமியாக இருந்தபோது அவர் போட்ட எள் முதலில் வந்தது. பிறகு வெங்காயம், பிறகு சூரியகாந்தி. டிராக்டர் வாங்கிய வருடத்துப் பயிர் நூல் பிடித்த மாதிரி நின்றது. ஒரு வருடம் மட்டும் வரிசையே இல்லாமல் அங்கே கொஞ்சம், இங்கே கொஞ்சம் என்று மக்காச்சோளம் கோணல் மாணலாக முளைத்தது. என்ன இது என்று எரிச்சலோடு வருடத்தைக் கூட்டிப் பார்த்தாள். அம்மா செத்த வருடம். அன்றைக்கு அவர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்று அவள் மனதுக்குள் இத்தனை நாள் வைத்திருந்தாள். கதிரை ஒடித்தபடி அந்தக் கோணல் வரிசைகளுக்குள் ஒரு நாள் முழுக்க நடந்தாள்.

அவளும் விதைத்தாள். அவளுக்குப் பிடித்தது பூ. ஒவ்வொரு வருடமும் செண்டுப்பூ போட்டுவிட்டு, ஆசை அடங்காமல் நாலு நாள் கழித்துப் போய்க் கிளறிப் பார்ப்பாள். தன் கையால் போட்டது ஒன்று, ஒரே ஒன்று, தன் கண் முன்னால் தலை நீட்டினால் என்ன என்று மண்ணைத் திட்டுவாள். மாடியில் தொட்டி வைத்துப் பாரேன் என்று டிரைவர் சொன்னார். வைத்தாள். தொட்டியில் செடி ஜோராக வளர்ந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம்தான் கூடியது. இவ்வளவு சுலபமாக வருகிற ஒன்றை நிலம் தரமாட்டேன் என்கிறதே.

பிறகு மிளகாய் வருடங்கள் வந்தன. கல்யாண ஃபோட்டோவின் பின்னால் இருந்த தேதியே போதும், எந்த வருடம் தொடங்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் முதல் பழம் சிவந்தபோது பறிக்காமல் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கோபத்தில் போட்டதாலோ என்னவோ, அப்படி ஒரு காரம். சந்தையில் அதற்குத் தனி மவுசு. அவளுக்கோ கையைக் கொண்டுபோய்க் கண்ணில் வைக்க முடியவில்லை, முகம் துடைக்க முடியவில்லை. அவள் தைத்துக் கொடுத்த சட்டைகளைப் போட்டவர்களுக்குக் கழுத்து எரிந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் சீருடை மொத்தமும் திரும்பி வந்தது. மிஷினை மூடி வைத்தாள். செத்த மனுஷனோடு சண்டை போட முடியாது என்பதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. பறித்துக்கொண்டே அப்பாவுக்குப் பதில் சொல்வாள். அடுத்த செடியில் இன்னும் காரமான பதில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அப்பா போன மறு வருடம் பிறந்த அவளுடைய மகள் நர்ஸ். படித்து முடித்த கையோடு வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள். முதலில் தினமும் பேசினாள், பிறகு வாரம் ஒரு முறை, பிறகு தோன்றும்போது. டிரைவர் ரிட்டயர் ஆன வருடம், இனி அங்கேயே இருந்துவிடப் போவதாகவும் நிலத்தை விற்றுவிடலாம் என்றும் சொன்னாள். தையல்காரி ஃபோனை வைத்தாள். மறுநாள் விதைக் கடைக்குப் போய் மிளகாய் விதை கேட்டாள். இருக்கிற மிளகாய் போதாதா என்று டிரைவர் கேட்டதற்கு, அது எனக்கு, இது அவளுக்கு என்றாள்.

பறித்து முடித்த பாதியை டிராக்டர்காரர் உழுதுவிட்டு ஓரமாக நின்றார். அவள் மடியில் விதையோடு இறங்கினாள். முதல் பிடியை அள்ளினாள். பக்கத்துப் பாதியில் அப்பாவின் மிளகாய் சிவப்பாக நின்றது. பறித்த கை இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அள்ளிய பிடியோடு அப்படியே நின்றுவிட்டாள். டிராக்டர்காரர் உடம்புக்கு முடியலையாக்கா என்று கேட்டார். அவள் விதையை மடியில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து மகளுக்கு ஃபோன் போட்டாள்.

"உனக்கு என்ன போடட்டும்?"

நர்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. நிலத்தில்தான், உனக்காகத்தான் என்று தையல்காரி சொன்னாள்.

"இதுவரைக்கும் யாராவது இப்படிக் கேட்டிருக்காங்களாம்மா?"

"இல்ல. என்னை யாரும் கேட்கல."

"எதுவும் போடாதீங்கம்மா. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

கேட்டது தப்போ என்று அவளுக்குத் தோன்றியது. மாலைவரை பொருமினாள். ஆனால் கேட்டாயிற்று. விதையைக் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனாள், பிரித்த பாக்கெட்டை எடுக்க மாட்டோம் என்றார்கள். ஓடையில் கொட்டினாள். அடுத்த வருடமும் கேட்டாள், அதே பதில். அதற்கடுத்த வருடமும் அப்படியே. வேண்டாம் என்கிற வாய்க்கு ஒரு வார்த்தை நீட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று டிரைவரிடம் எரிந்து விழுவாள். கேட்பதை மட்டும் விடவில்லை. நாலு தலைமுறையில் முதன்முறையாக அந்த நிலத்துக்குள் எதுவும் போகாத வருடங்கள் அவை.

அப்பாவின் கடைசி மிளகாய் பாதி நிலத்தில்தான் வந்தது, மீதியைப் போடுவதற்குள் அவர் விழுந்திருந்தார். அதோடு அவர் போட்டதெல்லாம் தீர்ந்தது. அடுத்த பருவத்தில் நிலம் வெறுமனே கிடந்தது. தையல்காரியின் கை எரிச்சலும் மெல்ல அடங்கியது. மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். ஆனாலும் பழக்கத்தில் காலையில் எழுந்து நிலத்துக்குப் போவாள், செய்ய ஒன்றுமில்லாமல் இன்னும் கடுப்பாகித் திரும்புவாள்.

அந்த வருடம் நர்ஸ் லீவில் வந்தாள். வரும்போதே ஒரு தரகரிடம் பேசி வைத்திருந்தாள். அதைக் கேட்டதும் தையல்காரி தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆனாலும் மறுநாள் காலை, தரகர் வருவதற்கு முன்னால், அம்மாவும் மகளும் மட்டும் நிலத்துக்குப் போனார்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மகள்தான் கேட்டாள். தையல்காரி வேண்டாவெறுப்பாகச் சொன்னாள். முதல்ல எல்லாம் செண்டுப்பூ. நீ பிறந்த வருஷம் மட்டும் அதுல கலந்து வெள்ளைப் பூவும் போட்டேன். அப்புறம் நீ வேண்டாம்னு சொன்ன வருஷங்க, ஒண்ணும் கிடையாது. நர்ஸ் வெறும் மண்ணை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். விற்கலாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவளிடமிருந்து ஒரு வார்த்தை வராதா என்று தையல்காரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தரகர் வந்தார். கல் சுவரின் இடைவெளியில் நுழைந்து, பேண்ட்டை ஒரு மடிப்பு மடித்துவிட்டு, நேராக நிலத்தின் நடுவே நடக்கத் தொடங்கினார். தரிசாக் கிடக்கு, விலை கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும் என்று அங்கிருந்தே சொன்னார்.

"வரப்பு மேல வாங்க சார்," என்றாள் நர்ஸ். "உள்ள பூ இருக்கு."

தரகர் குனிந்து பார்த்தார். பிறகு, தெரியாமல் மிதித்தவர் எப்படிக் காலை எடுப்பாரோ அப்படி எடுத்து வரப்பின் மேல் வைத்து, ஓரமாகவே நடந்து அவர்களிடம் வந்து சேர்ந்தார்.