குப்புற வைத்த படம்

1

இக்கதை என் வீட்டு வாசலில் பிறந்தது. பூசையறையில் செல்லரித்துப்போன நடராசர் படத்தை அகற்றிப் புதியதை வைத்துவிட்டு, பழையதைக் கையில் ஏந்தி வாசலில் நின்றேன். குப்பை வண்டி வந்தது. மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, மக்காத குப்பைக்கு நீலத் தொட்டி. அம்பலவாணர் எதில் சேர்வார் என்பது நாள்தோறும் பதிகம் ஓதும் எனக்குத் தெரியவில்லை. வண்டி தள்ளிவந்த கலியம்மாளைக் கேட்டேன்.

"சாமியெல்லாம் வூட்டு வாசல்ல எடுக்குறதில்லீங்க. கடைவீதியில மேரியம்மா படக்கடை இருக்குல்ல, அங்க குடுங்க. அவங்க பிரிச்சு அனுப்புவாங்க."

இறைவனை எவ்வாறு பிரிப்பார்கள், பிரித்து எங்கே அனுப்புவார்கள் என்று கேட்பதற்குள் வண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது. சித்தாந்த நூல்களில் தேடினேன். பிறகு கதை எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "வெள்ளாறு வடக்கே வளைந்தோட, பச்சைமலை மேற்கே காவல் நிற்க, வானம் பார்த்த பூமியில் வணிகம் சிறந்த பெரம்பலூர் என்னும்..."

(நிறுத்தினேன். நாட்டுச் சிறப்பும் நகரச் சிறப்பும் பாடினால் மரபின்படி அடுத்து வருவது குப்பைச் சிறப்பு.)

இரண்டாம் தொடக்கம்: "நகரக் கடைகளில் உருவாகும் திடக்கழிவு, அது உருவாகும் இடத்திலேயே தரம் பிரிக்கப்படுமாயின்..."

(இது சுற்றறிக்கை. இதில் ஆள் இல்லை.)

மூன்றாம் தொடக்கம்: "அய்யம்பெருமாளின் மனைவி குப்பையோடு போய்விட்டாள்."

(இது பொய்யன்று. ஆனால் அவள் இறந்து சில ஆண்டுகள் ஆயின, போனது அவளுடைய படம் என்று அடுத்த வாக்கியத்திலேயே விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கிவிட்டேன். இதையே வைத்துக்கொள்கிறேன்.)

3

கடைக்காரராக முதலில் நான் படைத்தவர் திருநீறு அணிந்த ஒரு முதியவர். அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் என் குரலில் பேசினார். போதாக்குறைக்குப் பதிகமும் பாடினார். அவரை நீக்கிவிட்டு, உண்மையில் அக்கடையை நடத்தக்கூடியவரையே எழுதினேன். பெயர் அமலோற்பவமேரி, ஊர் வரதராசன்பேட்டை, கணவர் ஆசிரியர். படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சுவரில் மாரியம்மனும் வேளாங்கண்ணி மாதாவும் பக்கம்பக்கமாக இருப்பார்கள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து வருவோருக்காக மக்காவின் படம் சற்று உயரத்தில் இருக்கும்.

பழைய படத்தைக் கொடுத்தால் புதிய படத்துக்கு விலை குறையும் என்பது அக்கடையின் வழக்கம். பழைய படத்தைக் கொண்டுவருகிறவர் மேசையின் இடப்பக்கம் அதைக் குப்புற வைப்பார். அவ்வாறு வைக்கும்படி எவரும் சொன்னதில்லை. கழிக்கப்படுவதைக் கடவுள் காணலாகாது என்ற எண்ணமாக இருக்கலாம். கடவுள் காண்பதை நாம் காணலாகாது என்ற எண்ணமாகவும் இருக்கலாம். எம்மதத்தாரும் குப்புறத்தான் வைத்தார்கள்.

மேரியும் அவற்றை நிமிர்த்துவதில்லை. பின்பக்கத்திலிருந்தே ஆணிகளைப் பிடுங்குவார். மரச்சட்டம் தச்சருக்கு, கண்ணாடி கண்ணாடி வியாபாரிக்கு, பின் அட்டை பழைய தாள் எடுப்பவருக்கு. எஞ்சுவது பளபளப்பான பிளாஸ்டிக் தோல் ஒட்டிய படம். அது மக்காது, உருகி வேறொன்றாகவும் ஆகாது, எவரும் விலைக்கு வாங்கார். அதை முகம் பாராமலே வெள்ளைச் சாக்கில் இட்டு, வாயைக் கட்டி, கட்டின்மேல் விரலால் சிலுவை வரைவார். (உள்ளே இருப்பவர்களுள் பெரும்பாலோர் அதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.) கட்டிய மூட்டையைக் கலியம்மாள் நகராட்சிக் கொட்டகைக்குக் கொண்டுபோவார். அங்கிருந்து லாரி அதை அரியலூருக்குக் கொண்டுபோகும். அங்கே சிமெண்ட் ஆலையின் சூளையில், நிலக்கரிக்குத் துணையாக அது எரியும்.

இடப்பக்கத்து ஜவுளிக்கடை பாலிதீன் உறைகளையும் தின்ற வாழைப்பழத் தோலையும் ஒரே மூட்டையில் திணிக்கும். வலப்பக்கத்து இனிப்புக்கடை இரவில் தன் குப்பையை ஜவுளிக்கடை வாசலுக்கு நகர்த்தும். மேரியின் கடையிலோ வீணென்று எஞ்சுவது எதுவுமில்லை. நகராட்சி அக்கடைக்கு முன்மாதிரிக் கடை என்று பலகை கொடுத்திருந்தது. அதற்கும் மேரியே சட்டம் போட்டுக்கொண்டார்.

இனி வரும் பிழை இவ்வொழுங்கின் குறையால் நேர்ந்ததன்று. ஒழுங்கு பிசகாமல் நடந்ததால் நேர்ந்தது.

4

அய்யம்பெருமாள் வேப்பந்தட்டைக்காரர், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிடுபவர். அவர் மனைவி செல்லக்கண்ணு வாழ்நாளில் ஒரே முறை ஸ்டூடியோவில் நின்றாள். அன்று புதிதாக வாங்கிய செருப்பும் படத்தில் விழ வேண்டும் என்று அவள் சொன்னதால் முழு உருவமாக எடுத்தார்கள். ஸ்டூடியோ பிறகு கைபேசிக் கடையாகிவிட்டது. நெகட்டிவ் எங்கே என்று கேட்க அங்கே ஆளில்லை.

(ஆதார் அட்டையில் அவள் முகம் இருக்குமே என்று வாசகர் கேட்கலாம். இருக்கிறது. அதைப் பார்த்து அவளை அடையாளம் கண்டவர் எவருமில்லை.)

படத்தின் கண்ணாடி விரிசல் விட்டது. முகூர்த்த நாளொன்றின் காலை, கடையில் கூட்டம் நெரிந்த வேளையில் அவர் வந்தார். மாலையில் மீண்டும் வந்தார்.

"மேரியம்மா, கண்ணாடி மாத்தியாச்சா?"

"எந்தக் கண்ணாடிண்ணே?"

"காலையில குடுத்தேனே. கண்ணாடி மாத்தி வைங்க, சாயங்காலம் வரேன்னு சொன்னேன். நீங்ககூடத் தலையாட்டினீங்க."

"எங்கண்ணே வெச்சீங்க?"

இடப்பக்கத்தைக் காட்டினார்.

"குப்புறவா?"

"வெடிச்ச கண்ணாடியில்ல? நிமித்தி வெச்சா உதிந்துரும்னுதான்."

மேரி முக்காலியில் உட்கார்ந்தார். காலையில் அந்த இடத்தில் குப்புறக் கிடந்தவற்றையெல்லாம் அவர் வழக்கம்போலவே பிரித்திருந்தார். ஆணி, சட்டம், கண்ணாடி, அட்டை.

"சாமின்னு நெனச்சுட்டேண்ணே."

"யார?"

"அக்காவ."

அய்யம்பெருமாள் சற்று யோசித்தார். "அவ அதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாளே" என்றார்.

கலியம்மாளுக்குப் போன் போட்டார்கள். மூட்டை நண்பகலிலேயே கொட்டகைக்குப் போய், லாரியும் ஏறிவிட்டது. தார்ப்பாய் கிழிசல், மழை வேறு.

"அரியலூருக்கா போயிருச்சு?" என்று மேரி கேட்டார்.

"பின்ன, துபாய்க்கா போவும்? சிமெண்ட் கம்பெனிக்குத்தான்."

"எரிச்சிருவாங்களா?" என்று அய்யம்பெருமாள் போனைப் பார்த்துக் கேட்டார்.

"எரிக்கத்தானேய்யா வாங்குறாங்க."

அவர் மேரியிடம் திரும்பினார். குரலில் கோபமில்லை.

"அவள ஏற்கெனவே ஒரு தடவ எரிச்சாச்சும்மா."

5

மறுநாள் கடையைத் திறக்காமல் மேரியும் அவரோடு அரியலூர் பஸ் ஏறினார்.

(இவ்விடத்தில் ஒரு பக்கம் எழுதி நீக்கினேன். அரியலூர் மண் ஒருகாலத்தில் கடலடியாய்க் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்தவற்றின் ஓடுகளே இன்று வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல். இம்முல்லைக் காட்டுக்கு அடியில் ஒரு நெய்தல் நிலம் இறந்து கிடக்கிறது என்று தொடங்கி, இறந்த கடலும் கழித்த கடவுளரும் ஒரே சூளையில் கூடிச் சிமெண்ட் ஆவதைப் பற்றி அழகாகவே எழுதியிருந்தேன். பஸ்ஸில் இருந்த இருவரும் அதைப் பற்றி நினைக்கவில்லை.)

"நீங்க மொகத்தப் பாக்கவே மாட்டீங்களாம்மா?" என்றார் அய்யம்பெருமாள்.

"பாத்தா கை வராதுண்ணே. யாரோ ஒருத்தரு தெனம் வெளக்கேத்திக் கும்பிட்டது. பொட்டு வெச்ச எடம்லாம் அப்பிடியே இருக்கும்."

"நான் கொற சொல்லலம்மா."

"சொல்லுங்கண்ணே. சொன்னாக்கூடத் தேவல."

அவர் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, வீட்டில் அந்தப் படம் மாட்டியிருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக நிற்கிறது என்றார்.

ஆலையின் கிடங்கில் மேற்பார்வையாளர் ரஞ்சித்குமார் இருவரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த மூட்டைங்க?"

"படக்கடை மூட்டை தம்பி" என்றார் மேரி.

"ஓ, சாமி மூட்டையா? அது எங்கயும் போவாது. வாங்க."

கிடங்கின் மூலையில் வெள்ளைச் சாக்குகள் கூரைக்கு எட்ட அடுக்கியிருந்தன. மேரிக்கு ஒவ்வொரு கட்டும் தெரிந்தது. எல்லாம் அவர் கட்டியவை.

"இதெல்லாம் எரிக்கலையா?"

"மெஷின்ல போட யாரும் கை வைக்க மாட்டேங்குறாங்கம்மா. இவன் அவன்கிட்ட தள்ளுறான், அவன் லீவு போடுறான். நான் சொன்னா, நீங்களே போடுங்க சார்ங்குறான்."

"நீங்க போடலாம்ல?"

"எனக்குக் கல்யாணம் வெச்சிருக்குங்க."

(முன்மாதிரிக் கடையின் முன்மாதிரி மூட்டைகள் இவ்வாறு அங்கே சேர்ந்துகொண்டிருந்தன. இச்செய்தியை நகராட்சிக்குத் தெரிவிப்பது என் வேலையன்று. நான் கதை எழுதுகிறேன்.)

முந்தின நாள் மூட்டையை மேலிருந்து இறக்கிக் கொடுத்தார் ரஞ்சித்குமார். மேரி கட்டை அவிழ்த்தார். ஈரம். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அய்யம்பெருமாள்தான் முதலில் கண்டார்.

"இந்தா இருக்கா."

செருப்பு தெரிந்தது. புடவைக் கரையும் இரு பாதங்களும் தெரிந்தன. அதற்குமேல் தெரியவில்லை. வேறொரு சிறிய படம், முகத்தோடு முகமாக, முழங்காலிலிருந்து உச்சிவரை அவள்மேல் ஒட்டியிருந்தது. அதன் வெற்று முதுகுதான் கண்ணுக்குப் பட்டது. ஒட்டியிருப்பவர் முருகனா மாதாவா என்று அறிய வழியில்லை.

அய்யம்பெருமாள் நுனியைப் பிடித்து இழுக்கப் போனார். மேரி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

6

தலைவனைப் பாடுங்கால் பாதம் தொடங்கிக் கேசம்வரை பாடுவது ஒரு மரபு. பாதத்தில் தொடங்கி முழங்காலோடு நின்றுபோன பாடலை நான் கண்டதில்லை. ஆகவே இக்கதையை எப்படி முடிப்பதென்பதற்கு முன்னோர் வழி எதுவும் எனக்கில்லை. முடிவுகளை நானே எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவில் படங்கள் தாமே பிரிந்து, செல்லக்கண்ணு மாசு மறுவின்றிச் சிரித்தாள். எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே அதை நம்பவில்லை, நீக்கினேன்.

இன்னொன்றில், ஒட்டியிருந்தது அய்யம்பெருமாளின் குலதெய்வமாகவே அமைந்தது. கடவுளுக்கு வேறு வேலை இல்லை போலும் என்று தோன்றியது; அதையும் நீக்கினேன்.

பிரிக்காமல் அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிடுவது என்று ஒரு முடிவு. அமைதியான முடிவு, எனக்குப் பிடித்திருந்தது. அய்யம்பெருமாள் ஒப்பவில்லை.

"ரெண்டு பேரு மொகத்தையும் மூடி மாட்டி வெச்சுக்கிட்டு, வர்றவங்களுக்கு நான் என்னான்னு சொல்லுவேன்?"

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். பெரம்பலூருக்குத் திரும்பினார்கள். மேரி கடையைப் பாதி திறந்து, அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, ஒட்டிய படங்களை அதில் மெல்ல இறக்கினார்.

"ஊறட்டும்ணே. தானா வந்தா ரெண்டும் வந்துரும்."

"வரலேன்னா?"

"மொகத்துல இருக்குற சாயம் அந்தப் படத்தோட போயிடும். ஒங்ககிட்ட மறைக்கல."

"இப்பிடியே வுட்டா?"

"காஞ்சு இறுகிடும்ணே. அப்புறம் யாராலயும் எடுக்க முடியாது."

தண்ணீருக்கடியில் செருப்பின் வார்கூடத் தெளிவாகத் தெரிந்தது. அய்யம்பெருமாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜவுளிக்கடைக்காரர் ஒரு மூட்டையோடு வாசலில் வந்து, "மேரியம்மா, இது மக்குமா, மக்காதா?" என்று கேட்டார். இருவரும் தட்டைவிட்டுக் கண்ணெடுக்காததால் மூட்டையோடு திரும்பிப் போனார்.

மேரி நுனியைத் தொட்டுப் பார்த்தார். "வருதுண்ணே. ஏதோ ஒண்ணு வருது."

அய்யம்பெருமாள் எழுந்தார்.

"மேரியம்மா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். நீங்க எடுங்க. மொகம் இருந்தா கூப்புடுங்க. போயிருந்துச்சுன்னா சொல்லாதீங்க. கால மட்டும் வெட்டி, சட்டம் போட்டு, தாள்ல சுத்திக் குடுத்துருங்க. நான் எடுத்துட்டுப் போயிடுறேன்."

சொல்லிவிட்டுத் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றார். மேரி இரு கைகளையும் தண்ணீரில் விட்டு, இமைக்காமல் குனிந்தார். மேல்படம் எழுந்தது, அடிப்படம் தட்டிலேயே நின்றது.

மேரியின் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்க என்னால் முடியும். எழுதுகிறவனுக்கு அவ்வுரிமை உண்டு. நான் பார்க்கவில்லை. நீங்கள் பாருங்கள். பார்த்தபின் மேரிக்குச் சட்டத்தின் அளவையும் நீங்களே சொல்லிவிடுங்கள்: முழு உருவத்துக்கு ஏற்றதா, பாதங்களுக்கு மட்டும் போதுமானதா? சொல்லும்போது சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். அய்யம்பெருமாள் வாசலிலேயே நிற்கிறார். காது நன்றாகக் கேட்கும்.