பள்ளப்பக்கம் ஓர் எட்டு

தோற்றுத் தொலையுங்கள் என்று ஒரு தலைவர் தன் அணிக்கே உத்தரவு போட்டதை நீங்கள் எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? ஏற்காட்டில் போட்டார். அதுவும் சும்மா போடவில்லை. ஆட்டக்காரர்கள் அத்தனை பேருக்கும் மிளகு தூக்கலாக ஆம்லெட்டும் சூடாகக் காபியும் வாங்கிக் கொடுத்து, அவர்கள் வாய் நிறைந்திருக்கும் நேரம் பார்த்துப் போட்டார்.

தலைவர் பெயர் பழனிசாமி. ஏரிக்குப் பக்கத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். ஏற்காடு கால்பந்துக் கழகத்துக்கு ஒன்பது வருடமாக அவர்தான் தலைவர். லீக்கில் மூன்று பிரிவுகள்; அதில் ஏற்காடு இருப்பது மூன்றாம் பிரிவு, அதாவது அடிமட்டம். எட்டு அணிகள். ஆட்டத்துக்கு இவ்வளவு என்று சம்பளம் உண்டு, ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பி எவனும் வேலையை விட்டதில்லை. முதலிடம் பிடிக்கிற அணி இரண்டாம் பிரிவுக்கு ஏறும். ஒன்பது வருடமாக "மேல ஏறுவோம், மேல ஏறுவோம்" என்று மேடைக்கு மேடை முழங்கியவர் பழனிசாமிதான். இந்த வருடம் பாழாய்ப்போன அணி நிஜமாகவே முதலிடத்துக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. இனி ஒரே ஒரு ஆட்டம் பாக்கி. ஜெயித்தாலும் சமன் செய்தாலும் ஏற்காடுதான் சாம்பியன்.

அப்போதுதான் பழனிசாமி இரண்டாம் பிரிவுக்கான விதிப் புத்தகத்தை முதன்முறையாகப் பிரித்துப் படித்தார்.

"கேட்டுக்கங்கப்பா," என்றார், லாட்ஜ் சாப்பாட்டு ஹாலில் நின்றபடி. "கிரவுண்டு ஒரே மட்டமா இருக்கோணுமாம். ராத்திரி ஆட லைட்டு வேணுமாம். ரெண்டாயிரம் சேரு. வர்ற டீமுக்குத் தனி ரூம், தனி பாத்ரூம். ஆட்டம் முடியற வரைக்கும் ஆம்புலன்ஸ் ஒண்ணு அங்கயே நிக்கோணுமாம். நம்மூர்ல ஆம்புலன்ஸ் இருக்கறதே ஒண்ணு. அது இங்க வந்து பந்தாட்டம் பாத்துட்டு நின்னா, பிரசவ வலி எடுத்தவ எங்க போவா?"

எல்லோரும் மென்றுகொண்டே இருந்தார்கள். ஆம்லெட் அப்படி.

"அதனால, கண்ணுகளா, இந்த ஒரு ஆட்டத்தத் தோத்துருங்க. ரெண்டாவது வந்தா ஒரு கௌரவம். ஒரு தொந்தரவும் இல்ல."

கடைசி பெஞ்சில் ஒருவன் மட்டும் ஆம்லெட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். கோல்கீப்பர் ஆரோக்கியதாஸ். வயது முப்பத்தாறு. எஸ்டேட்டில் ரைட்டர்; காலையில் ஆள்களுக்குப் பேர் போடுவான், சாயங்காலம் கையுறை மாட்டுவான். பதினேழு வருடமாக இதே மூன்றாம் பிரிவு, இதே கோல் கம்பம். எஸ்டேட்டில் லீவு கிடைக்காததால் வெளியூர் ஆட்டங்களுக்கு வேறு ஆள் போவான். இரண்டாம் பிரிவில் ஒரே ஒரு ஆட்டம், ஒன்றே ஒன்று ஆடிவிட வேண்டும் என்பது அவன் வாழ்நாள் ஆசை. முழங்கால் இரண்டும் படி இறங்கும்போது சத்தம் போட ஆரம்பித்திருந்தன. அடுத்த வருடம் அவை ஒத்துழைக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கே இல்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாரே இந்த மனுஷன் என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"தலைவருங்க, நான் ஒரு கோல்கூட விட மாட்டேனுங்க," என்றான் எழுந்து நின்று.

"ஆம்லெட்ட சாப்புடு தாசு, ஆறிப்போவுது," என்றார் பழனிசாமி.

வீட்டுக்கு வந்து மனைவி சாந்தாமேரியிடம் சொன்னான். அவள் முறத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்தாள். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க," என்று சிரித்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். "ஏனுங்க, நெசமாவே அழுவறீங்களா? சரி, போங்க. அவிய சொன்னா சொல்லிட்டுப் போறாங்க. கம்பத்துக்குள்ள நிக்கறது நீங்கதான?"

இந்த இடத்தில் ஏற்காட்டு மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஊர்க் கடைவீதியான ஒண்டிக்கடைக்கு மேலே, மலையைக் கொஞ்சம் சுரண்டி எடுத்த இடம். ஒரு பக்கக் கோட்டுக்கும் மறுபக்கக் கோட்டுக்கும் நாலடி வித்தியாசம். ஒன்று மேட்டுப்பக்கம், இன்னொன்று பள்ளப்பக்கம். நேராக உதைத்த பந்து நேராகப் போகாது. பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கும். வெளியூர்க் கோல்கீப்பர்கள் எல்லோரும் பந்து வருகிற இடத்தில் நிற்பார்கள். ஆரோக்கியதாஸ் பந்து வரப்போகிற இடத்தில் நிற்பான். பந்து கிளம்பியதும் அவன் கால் தானாகவே பள்ளப்பக்கம் ஓர் எட்டு எடுத்து வைக்கும், அவனைக் கேட்காமலே. ஏற்காடு முதலிடத்துக்கு வந்ததில் பாதிப் பெருமை அந்த நாலடிக்குத்தான் சேர வேண்டும். உண்மையைச் சொன்னால் கழகத்தார் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

ஆட்ட நாள் வந்தது. எதிரணி சமவெளியிலிருந்து வந்த ஒரு அரிசி ஆலைக்காரரின் அணி. பட்டியலில் இரண்டாம் இடம். ஜெயித்தால் அவர்கள்தான் சாம்பியன். ஆனால் ஆலைக்காரருக்கும் படிக்கத் தெரியும், அவரும் விதிப் புத்தகத்தைப் படித்திருந்தார். அவர் தன் ஆட்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, கோல் போடுகிறவன் நடந்தே ஊர் வந்து சேர வேண்டியதுதான் என்று சொல்லியிருந்தார்.

அப்புறம் நடந்ததை ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் அரைமணி நேரம் இரண்டு அணியும் பந்தை ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கொடுத்து வாங்கின. பொறுத்துப் பார்த்தார் பழனிசாமி. கோட்டுக்கு வெளியே இருந்து கண்ணைக் காட்டினார். உடனே ஏற்காட்டின் தடுப்பாட்டக்காரன் ஜெப்சன் திரும்பி, தன் சொந்தக் கோலைப் பார்த்தே ஓங்கி ஒரு உதை விட்டான். ஆரோக்கியதாஸ் பாய்ந்து தட்டிவிட்டான்.

"டேய் ஜெப்சா! பதினாலு ஆட்டத்துல ஒரு நாளாச்சும் இந்த மாதிரி அடிச்சிருப்பயாடா?" என்று கத்தினான்.

"மன்னிச்சிருங்கண்ணா! தலைவர் சொல்லிப்புட்டாரு!" என்று கத்திக்கொண்டே ஜெப்சன் இன்னொன்று அடித்தான்.

இந்தக் கூத்தைக் கண்டு எதிரணிக்காரர்கள் பதறிப்போனார்கள். ஏற்காடு சொந்தக் கோல் போட்டுக்கொண்டால் ஜெயித்துவிடப் போவது அவர்களல்லவா? அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரர்கள் மூன்று பேரும் மூச்சிரைக்க ஓடிவந்து ஆரோக்கியதாசுக்கு முன்னால் வரிசையாக நின்று, ஏற்காட்டுக் கோலை ஏற்காட்டுக்காரர்களிடமிருந்து காப்பாற்ற ஆரம்பித்தார்கள். ஒருத்தன் வயிற்றிலேயே பந்தை வாங்கினான். பாவம், பரோட்டா தின்ற வயிறு.

வேடிக்கை பார்க்க வந்த ஜனம் ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கத்துக்கும் கைதட்டியது. நடுவர் விதிப்படி குற்றம் எதுவும் கண்டுபிடிக்க முடியாமல் ஊதலைக் கடித்துக்கொண்டு நின்றார்.

எண்பத்தெட்டாம் நிமிடம். பழனிசாமி மேட்டிலிருந்து தலையில் அடித்துக்கொண்டதைப் பார்த்த ஜெப்சனுக்கு வேறு வழி தெரியவில்லை. கோலுக்கு முன்னால் வைத்துப் பந்தை இரண்டு கையாலும் கோழி பிடிப்பதுபோல் பிடித்து, நடுவர் பார்க்கும்வரை தூக்கியும் காட்டினான். பெனால்டி! எதிரணி உதைத்தே ஆக வேண்டும்.

உதைக்க வந்தவன் கெட்டிக்காரன். மேட்டுப்பக்கக் கம்பத்துக்கு ஒரு முழம் வெளியே குறி வைத்து, பந்தை மெல்ல உருட்டிவிட்டான். பந்து பத்திரமாக வெளியே போய்விடும் என்பது அவன் கணக்கு. சமவெளியில் பிறந்தவன் கணக்கு. பந்து பாதி தூரம் வந்ததும் பள்ளத்தைப் பார்த்து ஒதுங்க ஆரம்பித்தது. "அய்யய்யோ!" என்று உதைத்தவனே தலையில் கை வைத்தான். பந்து கம்பத்துக்கு உள்ளே எந்த இடத்தில் வரும் என்று அந்த மைதானத்தில் தெரிந்தவன் ஒருவன்தான். பந்தின் திசையில் மேட்டுப்பக்கக் கம்பம்வரை போயிருந்த ஆரோக்கியதாசின் கால், அங்கிருந்து பள்ளப்பக்கம் அந்த ஓர் எட்டை எடுத்து வைத்தது. கம்பத்தை ஒட்டி விழுந்தான், பந்து அவன் நெஞ்சுக்குள் வந்து படுத்துக்கொண்டது. பெனால்டி உதைத்தவன் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து, "நீங்க நல்லா இருக்கோணும்ங்கண்ணா," என்று கண் கலங்கினான்.

கோல் இல்லாமல் சமன். ஏற்காடு சாம்பியன். ஒண்டிக்கடை முழுக்கப் பட்டாசு வெடித்தது. பழனிசாமியின் கழுத்தில் யாரோ மாலை போட, எழவு வீட்டில் உட்காருவதுபோல் உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் நாள் லீக் அலுவலகத்திலிருந்து மைதானத்தைச் சோதிக்க ஒரு அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. பழனிசாமி உயிர் வந்து எழுந்து உட்கார்ந்தார். ஆரோக்கியதாஸ் மைதானத்துக்கு ஓடினான். நாலடி பள்ளத்தை எப்படி மறைப்பது? எஸ்டேட்டுக்காரன் மூளை எஸ்டேட் பக்கம்தானே போகும். காபிப் பழம் அரைக்கிற ஷெட்டுக்குப் பின்னால் காபித் தோல் மலையாகக் குவிந்து கிடந்தது. ஜீப் ஜீப்பாக அள்ளி வந்து, அவனும் சாந்தாமேரியும் இரண்டு நாள் பள்ளப்பக்கத்தில் கொட்டிப் பரப்பினார்கள். மேலே புல்லைப் பெயர்த்து வந்து மூடினார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஏரித் தண்ணீர் போல அத்தனை மட்டம். சாந்தாமேரிகூட, "பரவால்லியே, கல்யாணமே பண்ணலாமாட்ட இருக்குது," என்றாள்.

அதிகாரி வந்தார். மேட்டுப்பக்கம் நடந்தார், தலையாட்டினார். நடுவில் நடந்தார், தலையாட்டினார். பள்ளப்பக்கம் ஒரு கால் வைத்தார். முழங்கால்வரை இறங்கிவிட்டது. மூன்று நாளாகப் புளித்த காபித் தோலின் நாற்றம் குப்பென்று கிளம்பியது. பழனிசாமி ஓடிப்போய் அவரைக் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கும்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, சாம்பியன் ஆனபோதுகூட அதில் கால்வாசி இல்லை.

"ரிஜெக்ட்," என்றார் அதிகாரி, பேண்ட்டைப் பிழிந்துகொண்டே.

"சார், ஒரு வருஷம் டைம் குடுங்க சார், மண்ணு போட்டு..." என்று ஆரோக்கியதாஸ் கெஞ்சினான். அதிகாரி ஜீப்பில் ஏறிவிட்டார்.

முதலிடம் தகுதி இழந்தால் இரண்டாமிடம். ஆலைக்காரர் தனக்கு ரத்த அழுத்தம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மூன்றாமிடத்துக்காரர் மைதானத்தையே சந்தைக்கு விட்டுவிட்டேன் என்றார். நாலு, ஐந்து, ஆறு, ஏழு என்று பதவி உயர்வு வேண்டாம் வேண்டாம் என்று படியிறங்கி, கடைசியில் எட்டாமிடத்தில் போய் நின்றது. எட்டாமிடம் குப்பனூர் அணி. பதினாலு ஆட்டம், பதினாலு தோல்வி, வாங்கிய கோல் அறுபத்தொன்று.

அதன் முதலாளி சந்திரசேகர் கல்யாண மண்டபம் வைத்திருப்பவர். மண்டபத்தின் கார் நிறுத்துமிடம்தான் மைதானம். மலையடிவாரத்தில் ஒரு சாண் ஏற்றத்தாழ்வு இல்லாத இடம். ராத்திரி ரிசப்ஷனுக்குப் போட்ட விளக்குகள் பகலைத் தோற்கடிக்கும். நாற்காலி மூவாயிரம். மாப்பிள்ளை ரூம் ஒன்று, பொண்ணு ரூம் ஒன்று, இரண்டுக்கும் தனித்தனி பாத்ரூம். முகூர்த்த நாளில் யாராவது மயங்கி விழுவார்கள் என்று ஆம்புலன்ஸ்கூடச் சொந்தமாக வைத்திருந்தார். விதிப் புத்தகத்தை எழுதியவர் அந்த மண்டபத்தில்தான் கல்யாணம் பண்ணியிருப்பாரோ என்னவோ! அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். பதினாலும் தோற்றவன் மேலே ஏறினான். விதி அப்படித்தான் சொல்கிறது, நானா எழுதினேன்?

அடுத்த வாரம் சந்திரசேகர் போன் செய்தார். "ஏனுங்க ஆரோக்கியதாஸ், நம்ம டீமுக்கு வந்து நில்லுங்க. எங்க கோல்கீப்பரு அறுபத்தொண்ணு வாங்கின துக்கத்துல கேட்டரிங் போயிட்டான்."

ஆரோக்கியதாஸ் போனை இரண்டு கையாலும் பந்தைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். சாந்தாமேரிதான் பிடுங்கி, "வருவாருங்க. எப்ப வரோணும்னு சொல்லுங்க," என்றாள்.

இரண்டாம் பிரிவின் முதல் ஆட்டம். புது ஜெர்சி, நெஞ்சில் மண்டபத்தின் பெயர். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் வழி பஸ்ஸில் ஜெப்சன் உள்பட முக்கால்வாசி அணி பார்க்க வந்திருந்தது. விளக்கு எரிந்ததும் ஆரோக்கியதாஸ் கம்பத்துக்குள் நின்று சிலுவை போட்டுக்கொண்டான். பதினேழு வருடம். கண்ணில் நீர் நின்றது.

ஆறாம் நிமிடம் முதல் பந்து வந்தது. நேராக, அவன் நெஞ்சைப் பார்த்து வந்தது. அவன் கால் அவனைக் கேட்காமல் ஓர் எட்டு எடுத்து வைத்தது. பந்து அவன் நின்றிருந்த இடத்தின் வழியாக உள்ளே போயிற்று.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு அவன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான், கால் கேட்கவில்லை. ஒரு பந்தும் ஒதுங்கவில்லை. உதைத்த இடத்திலிருந்து நூல் பிடித்ததுபோல் வந்தது. இடைவேளைக்குள் ஐந்து.

பொண்ணு ரூமில் உட்கார்ந்தான். கண்ணாடியைச் சுற்றி பல்புகள், மூலையில் எந்தக் கல்யாணப் பெண்ணோ ஒட்டிவிட்டுப் போன பொட்டு. சாந்தாமேரி காவலாளியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"எனக்கு ஆடத் தெரியல சாந்தா. ஊரே சிரிக்குது," என்றான்.

"யாரும் சிரிக்கல. இங்க பாருங்க, இங்க பள்ளம் இல்ல. நீங்க இல்லாத பள்ளத்துக்கு ஓடறீங்க. நின்ன எடத்துல நில்லுங்க, போதும்."

நிற்பது லேசா? இரண்டாம் பாதியில் ஆறாவதும் போயிற்று. எண்பதாம் நிமிடம் எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் ஒருவன் தனியாக ஓடிவந்து முழு பலத்தோடு உதைத்தான். கால் பள்ளத்துக்குக் கிளம்பியது. ஆரோக்கியதாஸ் அந்தக் காலைத் தரையோடு அழுத்திக்கொண்டான். முழங்கால் கத்தியது. பந்து வந்து உள்ளங்கை இரண்டிலும் இடித்து நின்றது. அதை விடாமல் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். நடுவர் இரண்டு தடவை ஊதின பிறகுதான் கீழே வைத்தான்.

ஆறுக்குப் பூஜ்யம். சந்திரசேகருக்கு ஏக சந்தோஷம். போன வருடம் ஏற்காடு அவர் அணிக்கு ஒன்பது போட்டிருந்தது, இது முன்னேற்றம்தானே. அதோடு, கீழேயிருந்து ஏறி வரத் தகுதியுள்ள மண்டபம் வேறு இல்லாததால் அவரை யாரும் கீழே இறக்கவும் முடியாது. ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் பாயசத்தோடு சாப்பாடு போட்டார்.

மலையேறும் கடைசி பஸ்ஸில் ஜெப்சன் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தான். நாலு வளைவு வரை தயங்கிவிட்டுக் கேட்டான். "ஏனுங்கண்ணா, செகண்ட் டிவிஷன் எப்படிங்க இருக்குது?"

"நொம்ப மட்டமா இருக்குது சாமி. பந்து எங்கயும் ஒதுங்கறதில்ல. ஆறு வாங்கிட்டேன்." ஆரோக்கியதாஸ் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினான். இன்னும் சிவந்திருந்தன. "ஒண்ணப் புடிச்சேன் பாத்தியா? அது செகண்ட் டிவிஷன் பந்துடா."