இரண்டாவது பால் டின்

இரண்டாவது டின் வியாழக்கிழமைக்குள் ஏன் புளித்துப்போகிறது என்று குவாய் லானுக்குப் பிடிபடவே இல்லை.

கம்பத்தில், முள்வேலி போட்ட அந்தக் கிராமத்தில், பால் டின் திங்கட்கிழமை மட்டும்தான் கிடைக்கும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு வாரத்துக்கு இரண்டு. தவுக்கே என்று எல்லோரும் அழைக்கும் கடை முதலாளி லியூ அட்டையில் குறி போடுவார். பிறகு டின்னை மேசைமேல் நிறுத்தி, ஆணியை வைத்துச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுவார். மூடியில் இரண்டு ஓட்டை விழுந்த பிறகுதான் டின் கைக்கு வரும். முழு டின் முள்வேலியைத் தாண்டினால், காட்டில் துப்பாக்கியோடு இருப்பவர்கள் அதை மாதக்கணக்கில் வைத்துக் குடிப்பார்களாம். ஓட்டை போட்டதை யாராலும் சேர்த்துவைக்க முடியாது. மலாயாவை ஆண்ட வெள்ளைக்காரனின் அவசரகாலச் சட்டத்தின் கணக்கு அது.

அந்தக் கணக்கில் அவளுடைய நான்கு மாதக் குழந்தை நியுக் இன் இல்லை. மலேரியாக் காய்ச்சலில் குவாய் லானுக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. கணவன் ஈப்போ பக்கம் தடுப்பு முகாமில் இருந்தான். முதல் டின்னைச் சட்டியில் ஊற்றி, வேளைக்கு வேளை காய்ச்சி, புதன்கிழமைவரை ஓட்டிவிடுவாள். அதற்குமேல் காய்ச்சினால் பால் திரிந்துவிடும். வியாழனிலிருந்து இரண்டாவது டின் வேண்டும். அதுவோ, தொடாமலே புளித்திருக்கும். வாரத்தில் நான்கு நாள் குழந்தைக்கு வெறும் கஞ்சித் தண்ணீர். அதன் மணிக்கட்டில் கட்டிய சிவப்பு நூலுக்குள் இப்போது அவளுடைய விரல் நுழைந்தது.

"தவுக்கே, ரெண்டாவத நீங்களே வச்சிருங்க. வியாழக்கெழமை ஓட்ட போட்டுக் குடுங்க" என்று கேட்டுப் பார்த்தாள்.

"போன மாசம் ஒரு மத்தி மீன் டின்னுக்கு ஓட்ட போட மறந்தேன். போலீஸ்காரன் மூணு நாள் லாக்கப்புல உக்கார வச்சான். மீனும் போச்சு" என்றார் லியூ.

ஓட்டையை அவளே அடைத்துப் பார்த்தாள். மெழுகு வெயிலில் இளகி வழிந்தது. அரிசிப் பசையை எறும்பு தின்றது. பிறகு ரப்பர் பால் நினைவுக்கு வந்தது. தினமும் அவள் சீவும் மரங்களில் அதுதானே வடிகிறது. காலையில் ரப்பர் தோட்டத்துக்குப் போகும்போது முள்வேலிக் கேட்டில் உள்பாவாடைவரை தடவி, ஒரு வாய் சோறுகூட வெளியே போகாமல் பார்ப்பார்கள். திரும்பும்போது மருந்துக் குப்பியில் இருக்கும் இரண்டு விரல் ரப்பர் பாலை யாரும் கேட்பதில்லை. டின்னை வாங்கிய கையோடு ஓட்டைகளின்மேல் அதைத் தடவிக் காயவிட்டாள். காய்ந்த ரப்பர் பட்டை தோல்போல இறுகப் பிடித்தது.

வியாழக்கிழமை அது தவளைத் தொண்டைபோல் உப்பியிருந்தது.

"உன் டின்னுக்குக் கழலை வந்திருக்குடி" என்றாள் பக்கத்து வீட்டு சாம் மொய்.

உரித்ததும் உஸ்ஸென்று காற்று வந்தது. புளித்த நாற்றம். குவாய் லான் டின்னைச் சுற்றிச் சுற்றித் திருப்பிப் பார்த்தாள். "உள்ள எதுவும் போகலக்கா. அப்புறம் எது கெடுத்திச்சு?"

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுச் சோதனை. போலீஸ் சார்ஜன்ட் வோங் அரிசிப் பானையைக் கிளறி, விறகைப் புரட்டி, கடைசியில் டின்னைக் கையில் எடுத்தார்.

"மூடின டின் வச்சிருக்கே."

"ஓட்ட பட்டைக்கு அடியில இருக்கு சார். ரெண்டு. எண்ணிக்குங்க."

"எதுக்கு அடைச்சே?"

"பால் கெடாம இருக்க. சட்டம் ஓட்ட போடச் சொல்லுது, போட்டாச்சு. அது தெறந்தே கெடக்கணும்னு எங்க எழுதியிருக்கு?"

அவர் நகத்தால் பட்டையைப் பிய்த்தெறிந்தார். "இன்னொரு தடவ பார்த்தேன், புருஷன்கிட்டயே அனுப்பிருவேன்."

"புள்ள பேரையும் சேத்து எழுதுங்க. அங்கயாவது பால் குடுப்பாங்களான்னு பாப்போம்."

அவர் கட்டிலுக்கடியில் குனிந்தார். அவர் போகட்டும் என்று அவள் காத்திருக்கவில்லை. திறந்த டின் நிமிஷத்துக்கு நிமிஷம் கெட்டுக்கொண்டிருந்தது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீர்ப் பானைக்குள் டின்னை அப்படியே இறக்கினாள். மூடி மட்டும் தண்ணீருக்கு மேலே. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஓட்டைகளிலிருந்தும் மெல்லிய ஆவி சீறிக்கொண்டு வந்தது.

அவள் ஆவியைப் பார்த்தாள். வெளியே வருகிறது, உள்ளே எதுவும் போகவில்லை. அப்போதுதான் புரிந்தது. ஆணி குத்திய அந்த நொடியிலேயே கெடுக்கிற சங்கதி உள்ளே போய்விடுகிறது. அதன்பிறகு அடைத்தால், திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிய கதைதான். முதலில் அதைச் சூட்டில் சாகடிக்கவேண்டும். மிச்சமிருக்கும் காற்றை ஆவி தள்ளிவிடும். காற்று திரும்புவதற்குள் அடைத்துவிடவேண்டும்.

சார்ஜன்ட் வீட்டின் மூலைமுடுக்கெல்லாம் துழாவி முடிக்கும்வரை அடுப்பை நன்றாக எரியவிட்டுக் காத்திருந்தாள். டின்னைத் துணியால் பிடித்துத் தூக்கி, சார்ஜன்ட் பார்க்கப் பார்க்கவே குப்பியைச் சாய்த்தாள். சூடான தகரத்தில் ரப்பர் பால் பட்டவுடனே உறைந்தது.

"என் கண்ணு முன்னாலயேவா?"

"ஒளிச்சு வச்சாத்தானே சார் குத்தம்?"

"நாளைக்கும் வந்து பிய்ப்பேன்."

"வாங்க. அடுப்பு இங்கதான் இருக்கும்."

டின் ஆறும்போது பட்டை உப்பவில்லை. ஓட்டை இருந்த இடங்களில் இரண்டு கன்னக்குழிகளாக உள்ளே விழுந்தது. புதன்கிழமை சார்ஜன்ட் சொன்னபடியே வந்தார், பிய்த்தார். அவர் வாசலில் நிற்கும்போதே அவள் பானையை ஏற்றினாள். வியாழக்கிழமை காலை அவளே பட்டையை உரித்து முகர்ந்து பார்த்தாள். நல்ல பால் வாசம். நியுக் இன் வயிறு நிறையக் குடித்துவிட்டு, புட்டியை விடாமல் பிடித்துக்கொண்டு தூங்கியது.

அடுத்த திங்கட்கிழமை குழாயடியில் பதினோரு பெண்கள் டின்னோடு நின்றார்கள்.

"சார்ஜன்ட் பிடிச்சுட்டுப் போனா?" என்றாள் ஒருத்தி.

"பதினோரு பேரையும் பிடிக்கட்டும். நாளைக்கு மரம் யார் சீவறதுன்னு தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை அவர்கிட்டயே கேப்பார்."

"சரி, செய்முறையச் சொல்லு" என்றாள் சாம் மொய்.

குவாய் லான் சொன்னாள்: "டின்ன ஓட்டையோட கொதிக்கிற தண்ணியில நிறுத்து. மூடிக்குத் தண்ணி ஏறக்கூடாது. ஆவி வர ஆரம்பிச்சு அரை மணி நேரம் விடு. வெளிய எடுத்ததும், சூடு ஆறதுக்கு முந்தி ரப்பர் பாலை ரெண்டு தடவ பூசு. ஆறினதும் பட்டை உள்ள குழிஞ்சா பால் கெடாம நிக்கும். உப்பினா புள்ளைக்குக் குடுக்காதே. யாராவது பிய்ச்சா, திரும்ப அரை மணி நேரம் கொதிக்க வச்சுத் திரும்பப் பூசு."