பாட்டுப் பெட்டிக்கு மூன்று வைத்தியர்கள்

"அந்தப் பாட்டுப் பெட்டியைக் குடும்மா. நாளைக்கு நீளமான ட்ரிப். பஸ் ஸ்பீக்கர்ல மாட்டிவிட்டா ஜனங்க சந்தோஷமா வருவாங்க" என்று மாமனார் கையை நீட்டியதும் மருமகள் பெட்டியை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

உள்ளங்கை அகலப் பெட்டி. அதில் பாட்டு இருந்தது. பாட்டுகளுக்கு நடுவே, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு மாமியாரைப் பற்றி அவள் பேசிப் பதிந்த குமுறலும் இருந்தது. நேரில் வாய் திறந்தால் வீடு இரண்டாகிவிடும் என்பதால் பெட்டியிடம் கொட்டித் தீர்ப்பாள். கொட்டியதை அழிக்க மனசு வந்ததில்லை. அத்தனை அருமையாக வந்திருந்தது, பாவம்.

இப்போது அது பஸ் முழுக்க ஒலிக்கப் போகிறது! பெட்டியின் விளிம்பில் கடுகளவு பொத்தான் ஒன்று உண்டு. அதைத் தள்ளினால் மற்ற பட்டன்கள் எல்லாம் பூட்டிக்கொள்ளும். யாருக்கும் தெரியாமல் தள்ளிவிட்டுக் கொடுத்தாள்.

"எதை அமுக்கினாலும் கேக்க மாட்டேங்குது மாமா. கெட்டுப் போச்சுன்னு நினைக்கிறேன்."

ஆளுக்கொரு ரிப்பேர் தெரிந்த குடும்பத்தில் இப்படி ஒரு பொய்யைச் சொல்லலாமா?

மாமனார் அமுக்கினார். திரையில் குட்டிப் பூட்டுப் படம் வந்தது. கண்ணாடி போடாத மனுஷர் அதைக் கைப்பை என்று முடிவு கட்டினார். "எங்கேயோ ஊருக்குக் கிளம்புது போல" என்றார். முப்பது வருஷ டிரைவர் அல்லவா, ஒரு பலகையைச் சாய்த்து, பெட்டியைச் சறுக்கவிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்து பார்த்தார். கிளம்பவில்லை.

கணவன் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "சூடு ஏறிடுச்சுப்பா" என்று ஃப்ரீசரில் வைத்தான். பிளம்பர் கொழுந்தன் அதை வெளியே எடுத்து, "காத்து அடைச்சிருக்கு அண்ணி" என்று இயர்போன் ஓட்டையில் வாய் வைத்துக் கன்னம் உப்ப ஊதினான். சில்லிட்ட தகரத்தில் உதடு ஒட்டிக்கொண்டது. வெந்நீர்த் துணியால் ஒற்றி ஒற்றிப் பிரித்தார்கள். மருமகள் வெளியே உச்சுக் கொட்டினாள், உள்ளே குதூகலித்தாள்.

மாமியார் தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண். பெட்டியை ஒரு திருப்பு, நகத்தால் ஒரு தள்ளு. இயர்போனைக் காதில் செருகிக்கொண்டாள்.

மருமகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். மாமியார் கேட்டாள், கேட்டாள், கேட்டுக்கொண்டே இருந்தாள். ஓரிடத்தில் புருவம் ஏறியது. இன்னோரிடத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன, பாடுதா?" என்றார் மாமனார்.

"எங்க பாடுது? உசுரே இல்ல. இனிமே யாரும் இதைத் தொடாதீங்க" என்று பெட்டியோடு சமையலறைக்குப் போனாள் மாமியார்.

மருமகள் பின்னாலேயே ஓடினாள். "அத்தை, நான் வந்து..." அதற்குமேல் அழுகைதான் வந்தது.

"மூக்கைத் துடை. குறட்டை விஷயம் உண்மைதான். நான் உன் காசு டப்பாவைத் திறந்து பாக்கறேன்னு சொன்னியே, அது அபாண்டம்." மாமியார் குரலைத் தாழ்த்தினாள். "சரி, இதுல எவ்வளவு நேரம் பேசலாம்?"

"பத்து மணி நேரம் இருக்கும் அத்தை."

கூடத்தில் மாமனார் பலகையை இன்னும் கொஞ்சம் சாய்த்துக்கொண்டிருந்தார். மாமியார் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"போதாதே" என்றாள்.