கடல் இல்லாத அன்னைக்கு

பெரிய நகரத்தில் பன்னிரண்டு வருஷம் முடி வெட்டியவள் அவள். புருஷனுக்கு ஐஸ் ஃபேக்டரியில் மெக்கானிக் வேலை கிடைத்ததும், கத்தரிக்கோல், சீப்பு, சுழல் நாற்காலி சகிதம் இந்தக் கடலோரச் சிற்றூருக்கு வந்து, வீட்டு முன்னறையிலேயே கடை போட்டாள். நகரத்துக் கடையில் இருந்த மாதிரியே "செவ்வாய் விடுமுறை" என்று பலகையும் மாட்டினாள்.

மூன்று வாரமாக ஒரு தலை உள்ளே நுழையவில்லை. ஈ ஓட்டலாம் என்றால், அந்தக் காற்றில் ஈயும் இல்லை.

காது மூட முடி வளர்த்திருந்த படகுக்காரரை அவளே வாசலில் மறித்தாள். "வந்து உக்காருங்கண்ணே, பத்து நிமிஷந்தான்."

"கடல் இல்லாத அன்னைக்கு வர்றேம்மா."

பக்கத்து வீட்டில் வலை பின்னுகிறவளுக்கு, வாய் ஓயாததால் ஊர் வைத்த பெயர் ரேடியோ. அவளும் அதையேதான் சொன்னாள். "கடல் இல்லாத அன்னைக்கு எம்பொண்ணுங்க மூணு பேரையும் கூட்டிட்டு வரேன் பாரு."

கடல் எப்போது இல்லாமல் போகும்? கழுதைக்குக் கொம்பு முளைக்கிற அன்றைக்கா? அவளுக்கு முகம் சுண்டிப்போனது.

"ஊரே சேர்ந்து நக்கல் பண்ணுதுங்க. பழைய கடையில என் சீட்டை ஞாயித்துக்கிழமை வரைக்குந்தான் வெச்சிருப்பாங்களாம். நான் போறேன். நீங்க மாசம் ஒருதரம் வந்து பாருங்க" என்றாள் புருஷனிடம்.

மெஷின் சத்தத்தில் ஊர்ப்பேச்சு எதுவும் காதில் விழாத மனுஷன் அவன். "அப்ப என் முடிய யாரு வெட்டுவா?" என்றான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்தே பேய்க்காற்று. பலகையைக் கழற்றிவிட்டுப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். கதவு தட்டப்பட்டது. படகுக்காரர், அவர் பின்னால் ரேடியோவும் பெண்களும், அதற்கும் பின்னால் ஏழெட்டுத் தலைகள்.

"என்னம்மா, கடையைச் சாத்திட்ட? இன்னைக்குத்தான் கடல் இல்லையே."

அவள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். ஆள் உயர அலையோடு முழுசாக அங்கேயேதான் கிடந்தது. "இருக்கேண்ணே."

ரேடியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அட தங்கச்சி, காத்தடிச்சா படகு போகாதுல்ல, அதத்தான் கடல் இல்லைங்கறது. கடல் இருந்தா மீனப் பிரிக்க, விக்கன்னு தல சொறியவே நேரமில்ல, வெட்டிக்க எங்க வர்றது? நீ என்னன்னு நெனச்ச?"

"அத ஏன் கேக்கறீங்கக்கா, உள்ள வாங்க" என்று பெட்டியை அவிழ்த்தாள். கத்தரிக்கோல் அடியிலிருந்து வர மறுத்தது. மொத்தத்தையும் தரையில் கொட்டினாள்.

சாயங்காலம் புருஷன் வந்தபோது தரையெல்லாம் முடி. நேரே நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அவள் துணியைப் போர்த்தினாள்.

"ஏங்க, நாளைக்குக் கடல் உண்டா?"

"இல்லன்னுதான் வர்ற வழியில பேசிக்கறாங்க."

"நல்லதாப் போச்சு. ரேடியோக்காவோட நடுப்பொண்ணு பாக்கி இருக்கா. தலையைக் குனிங்க."