பாதுகாக்கப்பட்ட வீடு

ஒரே தும்மலில் நூறு வருஷத்துச் சுவரைச் சாய்த்தவன் நான். மேலநீலிதநல்லூரில் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. வாசுதேவநல்லூர்க் குளத்துத் தண்ணீர் கரையேறி வந்து என்னவென்று எட்டிப் பார்த்தது. பஸ்ஸில் விசில் ஊதி ஊதியே ரிட்டயரான கண்டக்டர் நெஞ்சு என்றால் சாதாரணமா?

சுவர், எங்கள் தெரு ஞானபூரணம் வீட்டுச் சுவர். பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டுமென்று தெருவில் எல்லாருக்கும் வீட்டு வரியோடு ஒரு மேல்வரி போட்டார்கள். அதைச் செலவழிக்க ஒரு பாதுகாப்புக் குழு, செயலாளர் சுலைமான். குழுவின் பட்டியலில் முதலில் சேர்த்தது ஞானபூரணம் வீட்டைத்தான். அன்றிலிருந்து குழுவின் அனுமதி இல்லாமல் அவள் அங்கே ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது. மேல்வரிப் பணத்தில் முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், தூண்களுக்கு வார்னிஷ் பூசினார்கள். பின்சுவரோ மழையில் ஊறி, நிறைமாதக்காரி வயிறு போலத் தள்ளிக்கொண்டு நின்றது.

"கொத்தனாரைக் கூப்பிடட்டுமா பாய்?" என்று அவள் கேட்கும்போதெல்லாம், "கொஞ்சம் பொறும்மா, அனுமதி வந்துரும்" என்பார் சுலைமான்.

அன்று மத்தியானம் அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். பின்கட்டுக் கட்டிலில் அவள் புருஷன் ஏசுதாசன், முட்டிவலிக்காரர். பின்கட்டு வாசல்பக்கம் தள்ளி நானும் சுலைமானும்.

"வே சுலைமான், உம்ம அனுமதி என்ன கரிவலம்வந்தநல்லூர்ல இருந்து நடந்தா வருது?" என்றார் ஏசுதாசன்.

நான் சிரித்தேன். போட்டிருந்த மூக்குப்பொடி உச்சிக்கு ஏறியது, தும்மினேன். சுவர் வந்தது. கட்டில்பக்கமாக வந்தது.

ரேஷன் கடையிலிருந்து அவளும் ஓடி வந்து, மண்ணைத் தோண்டித் தூக்கியபோது ஏசுதாசனிடம் மூச்சு இல்லை.

நான் சும்மா கிடந்திருக்கலாம். அடக்கம் முடிந்த மறுநாளே டீக்கடையில் தும்மல் கதையை எடுத்துவிட்டேன். என் வாய் அப்படி. கடையே சிரித்தது. அந்தச் சிரிப்பைச் சுலைமான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஏசுதாசன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்த பிறகுதான் சுவர் சரிந்தது, கண்டக்டர் பெத்துராஜ் சொல்வது வழக்கமான புளுகு என்று குழுவின் சார்பில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

விசாரிக்க வந்த அதிகாரி வாசலில் நின்று, "தும்மல்காரர் நீங்கதானா?" என்று பல்லைக் காட்டினார். மாடு, குளம் எதையும் சேர்க்காமல் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

ஞானபூரணம், அதிகாரியோடு வந்திருந்த சுலைமான் முன்னால் போய் நின்றாள்.

"அவரு வாயைத் தொறந்து மண்ணை எடுத்தவ நான். தொண்டை வரைக்கும் மண்ணு. ஏற்கெனவே செத்தவரு எப்படி பாய் மூச்சை உள்ள இழுப்பாரு?"

சுலைமான் வார்னிஷ் பூசிய தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உசிரோடதான் இருந்தாரு சார்," என்றார் கடைசியில், அதிகாரியிடம். "என்கிட்டதான் பேசிக்கிட்டு இருந்தாரு. இவரு தும்மினாரு. செவுரு விழுந்துட்டு."